மெல்ல நடப்பவர் எழும் கடல்

சனிக்கிழமைகளில் திருநள்ளாற்றுக்கு வரும் குடும்பங்களின் பொழுது பெரும்பாலும் ஒரே முறையில் கழிகிறது. விடியற்காலையில் எண்ணெய் தேய்த்து நள தீர்த்தத்தில் நீராடுவர். தர்ப்பாரண்யேசுவரரையும் பிராணாம்பிகையையும் வணங்கியபின் சனி பகவான் சன்னிதியில் எள் தீபம் ஏற்றி அர்ச்சனை செய்வர். காக்கைக்குச் சோறிட்டு, உண்டு, பிற்பகலில் ஊர் திரும்பும் பேருந்தைப் பிடிப்பர். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் இத்தனை தொலைவு வந்து பகவானை வணங்கியவர்களுள், அன்றிரவு அவர் வானத்தில் எங்கே நிற்கிறார் என்று தலைநிமிர்ந்து பார்த்தவர் மிகச் சிலரே ஆவர். அதற்குத் தகுந்த இடமோ அருகிலேயே இருக்கிறது. திருநள்ளாற்றிலிருந்து கிழக்கே ஏழெட்டு கிலோமீட்டர் சென்றால் காரைக்கால் கடற்கரை.

கடற்கரைக்குச் செல்லுமுன் தலத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இது சனி பகவானின் கோயில் என்றே மக்கள் வாயில் வழங்கினாலும், கோயில் ஈசனுடையது. தர்ப்பைப் புல் அடர்ந்த வனத்தில் எழுந்தருளியவர் ஆதலின் தர்ப்பாரண்யேசுவரர். சப்தவிடங்கத் தலங்களுள் ஒன்றாகிய இங்குத் தியாகராசப் பெருமான் நகவிடங்கர் என்னும் திருநாமம் கொண்டு உன்மத்த நடனம் ஆடுகிறார். மதுரையில் சமணரோடு நிகழ்ந்த அனல் வாதத்தில் திருஞானசம்பந்தர் நெருப்பிலிட்ட ஏடு இத்தலத்துப் பதிகம் எழுதியதே. அது கருகாமல் பசுமையாக மீண்டமையால் பச்சைப் பதிகம் எனப் பெயர் பெற்றது. நளன் இங்கு வந்து துன்பம் நீங்கினான் என்பது தலவரலாறு. மகாபாரதத்து வனபருவத்திலும் புகழேந்தியின் நளவெண்பாவிலும் நளனைப் பற்றி வாட்டுபவன் கலி. தலவரலாற்றில் அந்த இடத்தில் சனி பகவான் இருக்கிறார். இரண்டும் தத்தம் வழியில் வழங்கி வருகின்றன. தலவரலாற்றின்படி, ஈசனின் சன்னிதிக்குள் நளன் புகுந்த அளவில் சனி அவனை விட்டு நீங்கி, இங்கேயே அருள் வழங்குபவராக நின்றுவிட்டார்.

இத்தலத்தைப் பற்றி அண்மைக் காலத்தில் வேறொரு கதையும் பரவி வருகிறது. திருநள்ளாற்றின் மேலே வரும் அயல்நாட்டுச் செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி செயலற்று நின்றுவிடுகின்றன என்றும், அதைக் கண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் வியந்து வந்து வணங்கினர் என்றும் கைபேசிகளில் இச்செய்தி சுற்றுகிறது. பக்தியுள்ள நல்லவர்கள் பலர் இதை உண்மை என்று எண்ணிப் பிறருக்கும் அனுப்பிவைக்கின்றனர். இதற்கு எந்த ஆதாரமும் இல்லை. பூமிக்கு மேலே ஐந்நூறு அறுநூறு கிலோமீட்டர் உயரத்தில் செல்லும் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏறத்தாழ ஏழரைக் கிலோமீட்டர் கடக்கிறது. காரைக்கால் கடற்கரைக்கு நேர் மேலே உள்ள ஒன்று ஒரு விநாடிக்குள் திருநள்ளாற்றைத் தாண்டிவிடும். அந்த வேகமே அதைக் கீழே விழாமல் வைத்திருக்கிறது, நின்றால் வீழும். ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தோன்றும் தொலைத்தொடர்புக் கோள்களோ 35,800 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே மட்டுமே அமைய இயலும்; வடக்கே பதினோரு பாகையில் உள்ள திருநள்ளாற்றின் உச்சியில் எதுவும் நிலைத்து நிற்க முடியாது. ஐயமுள்ளோர் அந்தி மயங்கிய அரை மணி நேரத்தில் கடற்கரை மணலில் அமர்ந்து மேலே நோக்கலாம். இமைக்காத சிறு ஒளிப்புள்ளி ஒன்று சீராக வானைக் கடந்து போவது அநேகமாகக் கண்ணில் படும். அது எங்கும் நிற்பதில்லை. பன்னூறு ஆண்டுகளாக அடியார் தொழுதுவரும் தலத்துக்கு இத்தகைய சான்றிதழ் எதற்கு? பொய்யென ஒருநாள் தெரியப்போகும் ஒன்றைக் குழந்தைகளுக்குச் சொல்லி வளர்த்தால், அன்று அவர்கள் மெய்யையும் சேர்த்து ஐயுறுவர்.

இனிக் கடற்கரை. அரசலாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டி நீண்டு கிடக்கிறது காரைக்காலின் மணற்பரப்பு. 1739 முதல் 1954 வரை பிரெஞ்சுக்காரர் வசம் இருந்து, இன்று புதுவை ஒன்றியப் பகுதியின் ஒரு துண்டாகத் தமிழ்நாட்டின் வயல்களுக்கு நடுவே அமைந்துள்ள ஊர் இது. மாலையில் உலாவ வருவோரும் சுண்டல் விற்போரும் கலைந்தபின், விளக்குக் கம்பங்களை விட்டு விலகி நடந்தால் இருள் கிடைக்கும். தெற்கே துறைமுகத்தின் வெளிச்சம் சிறிது தொந்தரவு செய்யும். கிழக்கில் கடல் மட்டுமே. மலையோ மரமோ கட்டடமோ மறைக்காமல் விண்மீன்கள் நீரிலிருந்து நேரே எழுவதை இங்குக் காணலாம். அலையருகே இரவில் இறங்குதல் கூடாது. ஆற்று முகத்தில் நீரோட்டம் கடுமையானது. குழந்தைகளை உலர்ந்த மணலிலேயே அமர்த்துவது நல்லது.

பதினோரு பாகை வடக்கு என்னும் இருப்பிடம் வானம் பார்ப்பவர்க்கு ஒரு பேறு. ஐரோப்பாவில் வானில் உயர்ந்து நிற்கும் துருவ நட்சத்திரம் இங்கு வடக்கே அடிவானுக்குச் சற்று மேலே தாழ்ந்து நிற்கிறது. அதற்கு ஈடாகத் தென்வானம் நிறையத் திறக்கிறது. மார்கழி, தை மாத இரவுகளில் தெற்கே பேரொளியுடன் எழும் அகத்தியரை இங்கு நன்றாகக் காணலாம்; இலண்டனிலும் பாரிசிலும் அவர் எழுவதே இல்லை. மார்கழியில் அந்தி சாய்ந்ததும் கடலிலிருந்து சிவந்து எழும் திருவாதிரை, ஆடல்வல்லானின் நட்சத்திரம். அவன் திருவடிக்கீழ் அமர்ந்து தாளமிட்டுப் பாடும் அம்மையார் பிறந்த மண்ணில் நின்று அதைக் காண்பதில் ஒரு பொருத்தம் உண்டு. அம்மையாரின் மாங்கனித் திருவிழாவோ ஆனிப் பௌர்ணமியை ஒட்டி வருவது. அந்நாளில் ஊரே வீதியில் இருக்கும்; நிலவொளியில் விண்மீன்கள் மங்கிவிடும். விழாக் காண வருவோர் விண்மீன் காண மற்றொரு முறை வர வேண்டியதுதான்.

சனி பகவானைக் காண உகந்த காலம், சூரியனுக்கு நேர் எதிரே அவர் நிற்கும் நாட்களாகும். அப்போது கதிரவன் மேற்கே மறையும் வேளையில் அவர் கிழக்கே கடலிலிருந்து எழுவார். இரவு முழுவதும் வானில் இருப்பார். 2025இல் இது செப்டம்பர் 21. 2026இல் அக்டோபர் 4. ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் தள்ளிச் செல்லும். முன்னும் பின்னும் இரண்டு மூன்று மாதங்கள் மாலை அல்லது நள்ளிரவு வானில் எளிதாகக் காணலாம். ஐப்பசி அடைமழை தொடங்குமுன் வரும் புரட்டாசி இரவுகளே இக்கரையில் நம்பத்தக்கவை. தை பிறந்தபின் வானம் மீண்டும் தெளியும். ஆனால் அப்போது அவர் மேற்கே சாய்ந்திருப்பார். மாசி, பங்குனியில் சூரிய ஒளிக்குள் மறைந்தும் போவார்.

அடையாளம் கண்டுகொள்வது கடினமன்று. இப்போது அவர் மீன ராசியில் இருக்கிறார். பூரட்டாதியும் உத்திரட்டாதியும் சேர்ந்து கட்டிலின் நான்கு கால்களைப் போலப் பெரிய சதுரமாக நிற்கும். அச்சதுரத்தின் தென்கிழக்கே, மங்கலான விண்மீன்களுக்கு நடுவில், மஞ்சள் கலந்த வெண்மையில் மினுக்காமல் நிலைத்து ஒளிர்வது அவர்தான். விண்மீன்கள் துடிப்பதுபோல் கோள்கள் துடிப்பதில்லை. அகல் விளக்கின் சுடர் காற்றில்லாத அறையில் நிற்பதுபோல நிற்கும். அந்த ஒளி அங்கிருந்து கிளம்பி நம் கண்ணை அடைய எழுபது நிமிடம் ஆகிறது. கருநிறத்தார், நீல ஆடையர், பார்வையே பொல்லாதது என்றெல்லாம் கேட்டுவந்தவர்கள் முதன்முறை காணும்போது அந்த இதமான ஒளியைக் கண்டு சற்றுத் திகைப்பதுண்டு.

ஓர் இரவில் அவரைக் கண்டுவிட்டுப் போவதில் பாதிப் பயன்தான். அருகிலுள்ள விண்மீன்களோடு சேர்த்துத் தாளில் குறித்துக்கொண்டு, ஒரு மாதம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். ஒரு மாதத்தில் சந்திரன் வானத்தையே சுற்றி வந்திருப்பான். இவரோ குறித்த இடத்திலிருந்து மிகச் சிறிதே விலகியிருப்பார். வக்ர காலமாயின் பின்னோக்கியும் நகர்ந்திருப்பார். சனைச்சரன் என்னும் வடமொழிப் பெயருக்கு மெல்ல நடப்பவன் என்பதே பொருள். மந்தன் என்பதும் அதுவே. அவருக்குக் கால் ஊனம் என்று புராணம் கூறுவதும் இந்த நடையையே குறித்தது. கருவி ஏதுமின்றி, கண்ணால் மட்டும், தலைமுறை தலைமுறையாக இதைக் கவனித்து அறிந்தவர்கள் இட்ட பெயர்கள் இவை.

வானத்தை ஒருமுறை சுற்றிவர அவருக்கு இருபத்தொன்பதரை ஆண்டு. பன்னிரண்டு ராசிகளால் வகுத்தால் ஒரு ராசிக்கு ஏறத்தாழ இரண்டரை ஆண்டு. சந்திர ராசியின் முன்னும் பின்னும் உள்ளவற்றையும் சேர்த்து மூன்று ராசிக்கு ஏழரை. அஞ்சி அஞ்சி உச்சரிக்கப்படும் ஏழரைச் சனி என்னும் சொல்லின் அடியில் இந்த எளிய கணக்கு இருக்கிறது. எவருக்கும் வருவது அது; எவரிடமும் தங்குவதில்லை. முப்பது வயதை நெருங்கும் ஒருவர், தாம் பிறந்த அன்று சனி நின்ற இடத்திலேயே அவரை மீண்டும் காண்கிறார். அறுபதை நெருங்கும்போது மறுமுறை. அதே அறுபது ஆண்டுகளில் குரு பகவான் ஏறத்தாழ ஐந்து சுற்று முடித்திருப்பார். பிரபவ முதல் அட்சய வரையிலான அறுபதாண்டுச் சுழற்சிக்குள் இரு பெருங்கோள்களும் அநேகமாகப் பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகின்றன. காரைக்காலிலிருந்து வடக்கே கடலோரச் சாலையில் தரங்கம்பாடியைத் தாண்டினால் திருக்கடையூர். அறுபதாம் கல்யாணத்துக்காக அங்கு வந்து கூடும் குடும்பங்கள், தாத்தாவின் சனி இரண்டாம் சுற்றை முடிப்பதை மாலையில் கடற்கரையில் பேரனுக்குக் காட்டலாம். அந்தத் தலமும் வானத்தோடு தொடர்புடையதே: தை அமாவாசையன்று பௌர்ணமி என்று சொல்லிவிட்ட பட்டருக்காக அபிராமி தன் தாடங்கத்தை வீசி நிலவெழச் செய்தாள். நிலவில்லாத தை அமாவாசை இரவு, வானம் பார்ப்பவர்க்கும் ஆண்டின் மிகச் சிறந்த இரவுகளுள் ஒன்று.

சனிப்பெயர்ச்சி என்றைக்கு என்னும் கேள்வி குடும்பங்களுக்குள் அடிக்கடி எழுகிறது. 2023இல் திருக்கணிதப்படி சனி பகவான் கும்பத்துக்கு மாறியது ஜனவரி 17. திருநள்ளாற்றில் பெயர்ச்சி விழா நடைபெற்றது டிசம்பர் 20. பதினொரு மாத வேறுபாடு. திருநள்ளாறு வாக்கிய பஞ்சாங்கத்தைப் பின்பற்றுவதே காரணம். வாக்கியம் என்பது, கிரகங்களின் இருப்பிடத்தை எழுத்துகளுக்கு எண் மதிப்புக் கொடுத்துச் சிறு சிறு தொடர்களாக்கி மனப்பாடம் செய்து வைத்த முறை. சந்திரனுக்கு மட்டும் 248 தொடர்கள். வரருசி இயற்றியவை என்பது மரபு. ஏடும் எழுத்தாணியும்கூட வேண்டாம், நினைவு போதும்.

அந்த முறையின் ஆற்றலைக் கண்டு வியந்து எழுதி வைத்தவர்களுள் வெளிநாட்டார் இருவரைக் குறிப்பிடலாம். சுக்கிரன் சூரியனைக் கடப்பதைக் காண்பதற்காகவே பிரான்சிலிருந்து கடலில் அலைந்த லெ ழாந்தீல், 1769 ஜூன் மாதம் புதுச்சேரியில் எல்லா ஆயத்தமும் செய்து காத்திருந்தபோது, அந்தச் சில மணி நேரம் மட்டும் மேகம் மூடிக்கொண்டது. பாவம், முதல் முறை 1761இல் அவர் நடுக்கடலில் மாட்டிக்கொண்டவர். ஏமாற்றத்தோடு போனாலும், புதுவையில் தங்கியிருந்த காலத்தில் தமிழர் ஒருவரிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்று அதைப் பதிவு செய்தார். மற்றவர் ஜான் வாரன். 1825இல் வெளிவந்த கால சங்கலிதம் என்னும் நூலில், புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளை வைத்து நகர்த்தி, வாய்பாட்டை நினைவிலிருந்தே சொல்லி, அவ்வாண்டு மே 31ஆம் நாளிரவுச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை விளக்குகிறார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் ஏற்பட்ட பிழை நான்கே நிமிடம். முடியும் நேரத்தில் பிழை மிகுதி. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல, திருத்தப்படாத எண்களில் சிறு பிழைகள் சேர்ந்து வளர்வது இயல்பே. மெல்ல நடக்கும் சனியிடத்தில் சில பாகை வேறுபாடு மாதக்கணக்காக விரிந்து தெரிகிறது.

ஆகவே இரு பஞ்சாங்கங்களுக்கும் இடையே வழக்காட வேண்டுவதில்லை. கோயில் விழாவுக்குக் கோயிலின் வழக்கே பிரமாணம். தங்கக் காக்கை வாகனத்தில் பகவான் எழுந்தருளும் நாளை ஆலயம்தான் குறிக்கும். வானத்தில் அவர் இன்று எங்கே நிற்கிறார் என்று தேடுபவருக்குத் திருக்கணிதமே கைகொடுக்கும். கண்ணால் காண்பதோடு ஒத்துப்போவது அதுவே.

சிறு தொலைநோக்கி இருப்பின் காட்சி வேறாகிவிடும். 1610இல் கலிலியோ பார்த்தபோது, பெரிய உருண்டையின் இருபுறமும் இரண்டு சிறு உருண்டைகள் ஒட்டியிருப்பதாக எண்ணினார். அது வளையம் என்று ஐகென்சு 1659இல் விளக்கினார். பனிக்கட்டித் துண்டுகளாலான அவ்வளையம் இரண்டே முக்கால் இலட்சம் கிலோமீட்டர் அகலம். கனமோ பெரும்பாலும் சில பத்து மீட்டர்தான். 2025 மார்ச்சில் அதன் விளிம்பு நம்மை நோக்கியிருந்தமையால் வளையம் மெல்லிய கோடாயிற்று. இப்போது ஆண்டுதோறும் விரிந்து வருகிறது. கோயில் நகரமாகிய காரைக்காலின் பள்ளிகளோ விடுதிகளோ புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஒரு தொலைநோக்கியை மணலில் நிறுத்தினால், எள் தீபம் ஏற்றிவிட்டு வரும் குடும்பங்கள் வரிசையில் நின்று பார்க்கும் என்பதில் ஐயமில்லை.

அச்சம் என்னும் பேச்சு எஞ்சியிருக்கிறது. சங்கப் புலவர் கபிலர் சனியை மைம்மீன் என்று குறிக்கிறார், கரிய மீன். அது புகைந்தாலும், வால்மீன் தோன்றினாலும், வெள்ளி தென்திசை சென்றாலும், பாரியின் பறம்பில் விளைவு குன்றாதிருந்தது என்பது புறநானூற்றில் அவர் கூறும் செய்தி. செங்கோல் நடந்த நாட்டைக் கோள்கள் வருத்தவில்லை. பாரி மாண்டபின் இரங்கிப் பாடியது அது என்பதால் அதன் சுவை கைப்பானது. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பின், இதே கடற்கரையில், காரைக்காலுக்குத் தெற்கே நாகையையும் கடந்து உள்ள திருமறைக்காட்டில் மற்றொரு நிகழ்ச்சி. மதுரைக்குப் புறப்பட்ட இளஞ்சிறுவரான சம்பந்தரை, நாளும் கோளும் நன்றாக இல்லை என்று முதியவராகிய அப்பர் தடுத்தார். பிள்ளையின் மேல் கொண்ட கவலை அது. சமணர் செய்த கொடுமையைத் தம் உடம்பில் அனுபவித்தவர் அவர். சம்பந்தர் கோளறு பதிகம் பாடிவிட்டுப் புறப்பட்டார். ஈசன் உள்ளத்தில் இருக்க, ஞாயிறு முதல் பாம்பு இரண்டு ஈறாக எல்லாக் கோளும் அடியார்க்கு நல்லனவே என்பது அப்பதிகத்தின் கருத்து. அந்தப் பயணத்தின் முடிவில் மதுரையில் நெருப்பிலிடப்பட்டதுதான் திருநள்ளாற்றுப் பதிகம். கோள்கள் நல்லன என்று மறைக்காட்டில் பாடியவரின் ஏட்டைக் காத்தது, சனியின் தலம் என்று உலகம் சொல்லும் நள்ளாற்றின் ஈசன்.

இரவு முழுதும் தங்க இயன்றவர்கள் விடியலுக்கு ஒரு மணி நேரம் முன்பாக மீண்டும் மணலுக்கு வரலாம். அரசலாற்று முகத்திலிருந்து மீன்பிடிப் படகுகள் விளக்குகளோடு கடலுக்குள் செல்லும் நேரம் அது. அவை செல்லும் திசைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றால், ஊரின் கூரைகளுக்கும் தென்னைகளுக்கும் மேலே, மாலையில் கடலிலிருந்து எழுந்த அதே மஞ்சள் ஒளி இறங்கிக்கொண்டிருக்கும். இவ்வாண்டுகளில் அவர் ஏறத்தாழ நேர் கிழக்கில் எழுந்து நேர் மேற்கில் மறைகிறார். காரைக்கால் மணலிலிருந்து பார்க்க, நேர் மேற்கு என்பது திருநள்ளாறு.